ஐம்பதைக் கடந்த பின்னர் உணவை மாற்றிப் பயனுண்டா?



  

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தபோது சகோதரர் ஒருவர் என்னை அணுகினார். ஐம்பத்து நான்கு வயதுடையவர், வியாபாரி. அந்த வாரம் கிளினிக்கில் அவருடைய இரத்தத்தைச் சோதித்து, சீனியையும் சோற்றையும் குறைக்கும்படி கூறியிருந்தார்கள். "மௌலவி, அம்பது வருஷமாத் திண்ட சாப்பாடு. இனி மாத்தி என்ன ஆகப் போகுது? அல்லாஹ் எழுதின நாள் வந்தாப் போகத்தானே வேணும்" என்றார். அருகில் நின்ற அவருடைய மகனின் கையில் இரண்டு புரியாணிப் பார்சல்கள் இருந்தன. வாப்பாவுக்கு விருப்பமான கடையில் வாங்கியவை. அந்த மகன் தந்தையை நேசிப்பவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அச்சகோதரரின் வார்த்தையில் இரண்டு கேள்விகள் ஒன்றுடனொன்று பிணைந்து கிடக்கின்றன. ஆயுள் விதிக்கப்பட்டிருக்க உணவு அதில் என்ன செய்யும் என்பது ஒன்று. ஐம்பது வயதுவரை ஒரு விதமாக உண்டுவிட்ட உடலில் இனி உணவை மாற்றி என்ன பயன் என்பது மற்றொன்று. முதலாவதற்கு மார்க்கத்தில் விடையுண்டு. இரண்டாவதற்கு, பல்லாயிரம் மக்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து சேகரித்த தகவல்களில் விடையுண்டு.

கலீபா உமர் (றழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணித்து ஸர்க் எனும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. ஸஹாபாக்களுடன் கலந்தாலோசித்த பின் மதீனாவுக்குத் திரும்பத் தீர்மானித்தார்கள். விதியை விட்டு ஓடுவதா என்ற கருத்தில் அபூ உபைதா (றழி) அவர்கள் வினவியபோது உமர் (றழி) அவர்கள் மேய்ச்சலை உவமையாக எடுத்துக்கொண்டார்கள். ஒட்டகங்களுடன் ஒருவர் ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார். அதன் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அது இறைவனின் ஏற்பாட்டுக்கு உட்பட்டதே என்பது அவ்வுவமையின் கருத்து. அப்படியிருந்தும் வறண்ட பக்கத்துக்கு ஒட்டகத்தை ஓட்டிச் செல்லும் இடையனை நாம் பக்திமான் என்று கூறுவதில்லை. உண்பதைப் பற்றிப் பேசுமிடத்து இதனிலும் பொருத்தமான உவமையொன்றை நான் தேடிக் கண்டதில்லை. அஜல் எப்பொழுது என்பதை நாம் அறியோம். அறியாததால் எமக்குக் காட்டப்பட்டுள்ள காரணங்களைக் கையாளுவதே எமது பொறுப்பாகும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

ஐக்கிய அமெரிக்காவில் தாதியர்களையும் ஆண் சுகாதாரத்துறையினரையும் கொண்ட இரு பெரும் ஆய்வுக் குழுக்கள் பல தசாப்தங்களாகப் பின்தொடரப்பட்டு வருகின்றன. நான்கு ஆண்டுகளுக்கொரு தடவை அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று விரிவாகக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். அந்தத் தாதியர்கள் 1986ஆம் ஆண்டில் 40 முதல் 65 வயது வரையானோர். ஆண்கள் 40 முதல் 75 வயது வரையானோர். அதாவது நமது ஊர்க் கணக்கில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயதினரும் பேரப்பிள்ளைகளைக் கண்டோருமாவர். 1986 முதல் 1998 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொருவரின் உணவின் தரம் உயர்ந்ததா, தாழ்ந்ததா, மாறாதிருந்ததா என்று கணித்த ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதன் பின்னர் 2010 வரை யார் மரணித்தார்கள் என்று நோக்கினர். 47,994 பெண்களும் 25,745 ஆண்களும் அக்கணிப்பில் அடங்கினர். 2017இல் முடிவு வெளியாகியது. உணவின் தரம் கணிசமாக உயர்ந்தோரிடையே, மாறாதிருந்தோரைவிட இறப்பு வீதம் 8 முதல் 17 சதவீதம் வரை குறைவாக இருந்தது. தரம் தாழ்ந்தோரிடையே இறப்பு வீதம் கூடியிருந்தது.

கணிசமான உயர்வு என்றதும் தலைகீழான மாற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். நாளாந்தம் உண்ணும் ஒரு பங்கு இறைச்சியின் இடத்தில் ஒரு பங்கு பருப்பு வகையோ கொட்டை வகையோ வந்தால் அந்த அளவு உயர்வை எட்டலாம் என்று அவ்வாய்வாளர்களே விளக்கினர். மாட்டிறைச்சி ஆணத்துக்குப் பதில் கடலை ஆணம் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நிதானம் தேவை. இத்தகைய ஆய்வு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, இன்னாருக்கு இத்தனை வருடம் என்று எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. நன்றாக உண்போர் பெரும்பாலும் நடப்பவர்களாகவும், புகைக்காதவர்களாகவும், வசதியுள்ளவர்களாகவும் இருப்பதுண்டு. ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கிலெடுத்துக் கழித்தே பார்க்கின்றனர்; ஆயினும் முற்றாகக் கழித்துவிட முடியும் என்று அவர்களே உரிமை கோருவதில்லை. அதனாற்றான் மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து உணவை மாற்றிப் பார்த்த பரிசோதனைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. ஸ்பெயின் தேசத்தில் 55 முதல் 80 வயது வரையான, இதயநோய் ஆபத்துள்ள 7,447 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனை அவற்றுள் பிரபலமானது. காய்கறி, பருப்பு, மீன் மிகுந்த அந்நாட்டு உணவுடன் ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ வழங்கப்பட்டோரிடம், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பு, பாரிசவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. 2013இல் வெளியான அவ்வறிக்கையில், சில இடங்களில் ஆட்களைப் பிரித்த முறையில் தவறு இருந்தமை பின்னர் தெரியவந்தது. அறிக்கையை மீளப்பெற்று, கணக்கைத் திருத்தி, 2018இல் மீண்டும் வெளியிட்டனர். முடிவு பெரிதும் மாறவில்லை. தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்ட அந்த நேர்மை காரணமாக எனக்கு அவ்வாய்வின் மீது மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணிப்பு இளைஞர்களின் கவனத்துக்குரியது. மேற்கத்தேய நாடுகளின் வழமையான உணவை விட்டு, பருப்பும் முழுத்தானியமும் கொட்டை வகையும் மிகுந்து, இறைச்சி குறைந்த உணவுக்கு ஒருவர் இருபது வயதில் மாறி அதில் நிலைத்திருந்தால், ஆணுக்கு 13 ஆண்டுகளும் பெண்ணுக்கு 10.7 ஆண்டுகளும் ஆயுள் கூடலாம் என மதிப்பிட்டனர். அறுபதில் மாறினாலும் 8 ஆண்டுகளுக்குக் குறையாது. எண்பதில் மாறினால்கூட மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்கிறது அக்கணிப்பு. இது கணிதம், நேரில் எண்ணிப் பார்த்ததன்று. நம்முடைய உணவு அவர்களுடைய உணவும் அன்று. இருப்பினும் எந்த வயதிலும் கதவு முற்றாக அடைபடுவதில்லை என்பதில் இவ்வாய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கின்றன.

நீண்ட ஆயுளைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்னர் கூறிய அதே அமெரிக்கக் குழுக்களைச் சேர்ந்த 105,015 பேரை முப்பது ஆண்டுகள் வரை நோக்கிய ஓர் ஆய்வு 2025இல் வெளியாகியது. எத்தனை பேர் எழுபதை அடைந்தார்கள் என்று மாத்திரம் அது கேட்கவில்லை. பெருநோய்கள் இன்றி, நினைவாற்றல் குன்றாமல், தன் காலில் நடந்து, மனச்சோர்வற்று எழுபதை அடைந்தோர் யார் என்று கேட்டது. அத்தகையோர் நூற்றுக்கு 9 பேர் மாத்திரமே. உணவின் தரத்தில் மிக உயர்ந்த பிரிவினருக்கு, மிகத் தாழ்ந்த பிரிவினரைவிட அந்நிலையை அடையும் வாய்ப்பு விகிதம் 86 சதவீதம் அதிகமாக இருந்தது. நின்று தொழுவதற்கும், ஹஜ்ஜுக்குச் சென்று தவாபை நடந்தே நிறைவேற்றுவதற்கும், பிள்ளைகளின் தோளில் சுமையாகாதிருப்பதற்கும் நாம் கேட்கும் துஆவை இந்த எண்களுடன் சேர்த்துப் பாருங்கள்.

உணவின் தரம் என்று இவர்கள் எதை அளக்கிறார்கள்? விலையையோ சுவையையோ அன்று. காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு, கொட்டை, மீன் ஆகியவற்றுக்குப் புள்ளி கூட்டுகிறார்கள். சீனிப் பானம், ஆடு மாடுகளின் இறைச்சி, பதப்படுத்திய இறைச்சி, உப்பு ஆகியவை மிகும்போது புள்ளி குறைக்கிறார்கள். அவர்களுடைய சில அட்டவணைகளில் அளவான மதுவுக்கும் ஒரு புள்ளி உண்டு. அதைப் பார்த்து எவரும் சஞ்சலப்பட வேண்டியதில்லை. பாதுகாப்பான மது அளவென்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனமே 2023இல் அறிவித்துவிட்டது. அந்த ஒரு புள்ளியை நாம் மனநிறைவுடன் இழக்கலாம்.

இப்போது நமது தட்டைப் பார்ப்போம்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்றில், இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் மற்றொரு தேசிய ஆய்வில் அது வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்றாகிவிட்டது. இதற்கு நடை குறைந்தது, எடை கூடியது, ஆயுள் நீண்டது எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் சோறும் ஒன்று என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும். எனினும் சொல்லியாக வேண்டும்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு 21 நாடுகளில் 132,373 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அனைவரும் 35 முதல் 70 வயது வரையானோர். நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சமைத்த வெள்ளைச் சோறு உண்போருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்போரைவிட நீரிழிவு ஏற்படும் ஆபத்து 20 சதவீதம் அதிகம் எனக் கண்டனர். தென்னாசியாவை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அது 61 சதவீதமாக இருந்தது. இலங்கை அவ்வாய்வில் சேரவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவையே சேர்ந்திருந்தன. ஆனால் அந்நாட்டவரின் உடலமைப்பும் உணவுப் பழக்கமும் நமக்கு அந்நியமானவையல்ல.

காரணம் இதுதான். நெல்லைத் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்கி, மாப்பொருள் மாத்திரம் எஞ்சுகிறது. வழியில் தடுத்து நிறுத்த நார்ச்சத்து இல்லாததால் அது விரைந்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. அதைத் தணிக்கச் சதையி இன்சுலினைச் சுரக்கிறது. இளவயதில் ஓடியாடி உழைத்த தசைகள் அந்தக் குளுக்கோசை வாங்கிக்கொள்ளும். நாற்பதைக் கடந்ததும் தசை குறைகிறது, வயிற்றில் கொழுப்புச் சேர்கிறது, கடையில் கதிரையில் அமர்ந்தபடியே நாள் கழிகிறது. சோற்றின் அளவோ இருபது வயதில் இருந்தபடியே இருக்கிறது. சதையி மேலும் மேலும் சுரந்து ஒரு நாள் களைத்துவிடுகிறது. மிகுதியான குளுக்கோஸ் சிறுநீரகம், கண், பாதம் என நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ள இடங்களையெல்லாம் ஓசையின்றி அரிக்கிறது. ஜனாஸா வீடுகளில் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்" என்று கூறக் கேட்கிறோம். பெரும்பாலும் அவர் பத்து வருடங்களாக நலமாக இருக்கவில்லை. வலி மட்டுமே இருக்கவில்லை.

சோற்றுக்கு அடுத்தது தேநீர். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளொன்றுக்கு ஐந்து கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டமாக அள்ளிய தேக்கரண்டியில் 4 கிராம் சீனி இருக்கிறது. ஆகவே நாற்பது கிராம். கடையிலும் கல்யாண வீட்டிலும் எவரும் மட்டமாக அள்ளுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சாதாரண வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குரிய உச்ச எல்லையாகச் சுமார் 50 கிராமையும், 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நல்லது என்பதையும் கூறுகிறது. வட்டிலப்பமும் சோடாவும் பிஸ்கட்டும் வருமுன்னரே தேநீர் எல்லையைத் தொட்டுவிடுகிறது. 2016 முதல் நமது நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டங்கள் இடப்படுகின்றன. சிவப்பு வட்டமுள்ள போத்தலை வலீமா மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, மணமக்களின் பெற்றோருக்கு நீண்ட ஆயுளை வேண்டி துஆக் கேட்கிறோம்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஒரு நாளுக்கு எல்லா வழியாலும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பதே பரிந்துரை. கருவாடு, மாசி, அச்சாறு, சுவைக்கட்டி, சோயா சோஸ் ஆகியவற்றில் உள்ளதும் அந்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். உலக நாடுகள் 195இன் தகவல்களைக் கொண்டு 2019இல் வெளியான மதிப்பீடு, 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 1 கோடி 10 இலட்சம் மரணங்களை உணவுக் குறைபாடுகளுடன் தொடர்புபடுத்தியது. அவற்றுள் முன்னிலை வகித்த மூன்றில் ஒன்று உப்பு. மற்றைய இரண்டும் முழுத்தானியம் போதாமையும் பழம் போதாமையும் ஆகும். நாம் உண்ணும் கெட்டதைப் போலவே உண்ணாமல் விடும் நல்லதும் ஆயுளைக் குறைக்கிறது என்பது பலர் எதிர்பாராத செய்தி.

தரமான உணவுக்குப் பணம் வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் முட்டையும் மீனும் பருப்பும் எட்டாத விலைக்கு ஏறியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஸ்பெயின்காரரின் ஒலிவ் எண்ணெயும் வாதுமையும் நமக்கு நிபந்தனையல்ல. கச்சான் கொட்டை வகையின் பணியைச் செய்யும். பயறும் கௌபியும் கடலையும் இறைச்சியைவிட மலிவானவை. சாளையும் கீரியும் நெத்தலியும் பெரிய மீன்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவையல்ல. இதயத்துக்கு நன்மையான கொழுப்பு அவற்றில் உண்டு. வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் வேலியோரத்தில் கிடைப்பவை. ஒரு வேளைப் பார்சலின் விலைக்கு ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் கீரையும் பருப்பும் வாங்கலாம். எண்ணெயை ஒரு முறை பாவித்துவிட்டு மீண்டும் மீண்டும் கொதிக்க வைக்காதிருப்பதற்கும் பெரிய செலவில்லை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தாயாருக்கு அறுபத்தொரு வயதில் குருதியமுக்கமும் நீரிழிவும் ஒருங்கே கண்டுபிடிக்கப்பட்டன. சிவப்புப் பச்சையரிசிச் சோற்றைச் சமைத்து வைத்தோம். முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். "நோயாளிக்குப் போடுற சோத்த எனக்கு ஏன் மகன் போடுறீங்க?" என்று கேட்டபோது கண்கள் கலங்கியிருந்தன. தவறு எங்களுடையதே. அவருக்கு மாத்திரம் தனிச்சோறு, எங்களுக்கு வழமையான வெள்ளைச் சோறு என்று இரண்டு பானை வைத்திருந்தோம். மறுநாள் முதல் வீட்டில் ஒரே பானைதான் என்றாக்கினோம். தட்டில் பாதியைச் சுண்டலும் கறியும் பிடித்துக்கொள்ள, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ. என் பிள்ளைகள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். தாயார் பிறகு முணுமுணுக்கவில்லை. பெற்றோருக்கென்று தனிப்பத்தியம் வகுக்கும் இளைஞர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தனிமைப்படுத்தப்பட்ட உணவை எந்த முதியவரும் நீண்ட நாள் உண்ண மாட்டார். சிவப்பரிசியிலும் தவிடு முற்றாகத் தீட்டப்பட்டதை வாங்கினால் நிறம் மட்டுமே மிஞ்சும். அதையும் அளவின்றி உண்டால் அதுவும் சோறுதான்.

அறுபத்தைந்தைக் கடந்தோர் விடயத்தில் எச்சரிக்கை வேறு திசைக்குத் திரும்புகிறது. இங்கே பல குடும்பங்கள் தவறிழைக்கின்றன. வாப்பாவுக்கு வயது போய்விட்டது, லேசாகச் சாப்பிட்டால் போதும் என்று காலையில் தேநீரும் ரஸ்க்கும், இரவில் தேநீரும் பாணும் கொடுத்துவிட்டு நல்லது செய்ததாக எண்ணுகிறோம். முதுமையில் தசை தானாகவே கரைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கப் புரதம் இளமையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்று நிபுணர் குழுவொன்று 2013இல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு. ரஸ்க்கும் தேநீரும் எந்த மூலைக்குக் காணும்? தசை கரைந்த முதியவர் வுழூச் செய்யுமிடத்தில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. படுக்கையில் விழுந்தவர் எழுவதில்லை. பல்லில்லாதவருக்கு மீனை முள் நீக்கி மசித்துக் கொடுக்கலாம். பருப்பைக் கஞ்சியில் கடைந்து சேர்க்கலாம். தயிர் கொடுக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரம் புரத அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

மார்க்கத்தின் பெயரால் நடக்கும் ஒரு தவறையும் மௌலவி என்ற வகையில் நானே சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளேன். தேனும் கருஞ்சீரகமும் பேரீச்சம்பழமும் நமக்கு மதிப்புக்குரியவை. அந்த மதிப்பை முதலீடாக்கிப் போத்தலில் அடைத்து, நீரிழிவு ஒரே மாதத்தில் குணமாகும் என்று விற்கிறார்கள். அதை நம்பி மெட்போமின் குளிசையை நிறுத்தியவர்களை நான் அறிவேன். ஒருவர் பாதத்தில் புண்ணோடு வைத்தியசாலைக்குப் போனார். முழுக் காலோடு திரும்பவில்லை. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சீனிச் சத்துத்தான். சிறிதளவு உண்பதும், மருந்துக்குப் பதிலாக உண்பதும் ஒன்றாகா. மருந்து செய்யுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர், கிடைத்த மருந்தை வீசிவிட்டுத் தவக்குல் வைத்ததாகக் கூறிக்கொள்ள இயலாது. எந்த உணவும் தனித்து நின்று ஆயுளைக் காப்பதில்லை. ஆய்வுகள் அளந்தது முழுத் தட்டையும்தான். அதையும் ஒரு நாளில் அன்று, பன்னிரண்டு ஆண்டுகளில்.

இனி நமது விருந்துகள். ஒரே ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து உண்பதில் உள்ள சகோதரத்துவத்தை நான் குறைத்துக் கூற மாட்டேன். அதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு: தன் பங்கு எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. மற்றவர் கை ஓயும்வரை நமது கையும் ஓயாது. விருந்தாளியை உபசரிக்கும் ஆர்வத்தில், போதும் என்பவரின் பக்கத்தில் இன்னுமொரு இறைச்சித் துண்டைத் தள்ளுகிறோம். நீரிழிவாளர் அமர்ந்திருப்பதை அறிந்தே தள்ளுகிறோம். வயிற்றை மூன்றாகப் பகுக்கக் கூறும் நபிமொழியைச் சிறுவர்களும் மனனம் செய்திருக்கும் சமூகத்தில் இது நடக்கிறது. ஸஹனின் நடுவில் ஒரு பெரிய கோப்பைக் காய்கறிச் சலாதும், இறுதியில் வட்டிலப்பத்துடன் ஒரு தட்டுப் பப்பாளியும் வைப்பதால் எந்தக் கல்யாணத்தின் கௌரவமும் குறைந்துவிடாது. றமழானில் நோன்புக் கஞ்சி உண்மையில் நல்ல உணவு. அதன் பக்கத்தில் குவியும் சமோசாவும் றோல்ஸும் கட்லட்டும்தான் கஞ்சியின் நன்மையைத் தின்றுவிடுகின்றன.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் இயங்கி வருகின்றன. 35 வயதைக் கடந்தோருக்கு எடை, குருதியமுக்கம், இரத்தச் சீனி முதலியவற்றை இலவசமாகச் சோதித்து ஆலோசனை வழங்குகிறார்கள். "போங்க வாப்பா" என்று சொன்னால் போக மாட்டார்கள். ஒரு காலையில் கடையைத் தாமதித்துத் திறக்கச் செய்து, நீங்களே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டும். உம்மாக்களின் விடயம் இன்னும் கடினம். வீட்டில் எல்லோரும் உண்ட பின் பானையில் மிஞ்சியதை உண்பவருடைய உணவின் தரத்தை எவரும் அளப்பதில்லை.

ஆரம்பத்தில் கூறிய சகோதரருக்கு அன்று பள்ளி முற்றத்தில் நான் இவ்வளவையும் விளக்கவில்லை. வெயிலில் மகன் பார்சலுடன் காத்துக்கொண்டிருந்தான். வீட்டில் தேநீர் குடிக்கும் கோப்பையொன்றை எடுத்து, வழமையாக உண்ணும் சோற்றை அதனால் அளந்து பாருங்கள் என்று மாத்திரம் சொன்னேன். ஒரு கோப்பைச் சோறு ஏறத்தாழ 150 கிராம் வரும். அளந்துவிட்டு அடுத்த வாரம் எண்ணிக்கையை என்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஜும்ஆவில் ஸலாம் கொடுத்து எழுந்ததும் அவர் என் பக்கம் வந்தார். "பகலைக்கு நாலரை, மௌலவி. ராவைக்கு மூணு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, புதன்கிழமை முதல் இரவுக்கு ஒன்றாக்கியிருப்பதாகவும், அந்த இடத்தைக் கௌபி அவித்து நிரப்புவது மகன்தான் என்றும் கூறினார்.